கரண்ட் வைத்த முட்டி

"கை குடுக்காத சார்! தானா எந்திரிக்கட்டும்."

நீட்டிய கையை இழுத்துக்கொண்டான் தனசேகர். பொன்னேரி ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்டாகச் சேர்ந்த இந்த இரண்டு வருஷத்தில் இப்படி ஒரு கல்நெஞ்சுக்காரப் புருஷனை அவன் பார்த்ததில்லை.

குப்பம்மாள் நாற்காலியைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். பழவேற்காடு ஏரித் தண்ணியில் முப்பது வருஷம் குந்தி, கையால் இறால் தடவிப் பிடித்துத் தேய்ந்துபோன முட்டி.

வாரம் மூன்று நாள் புருஷன் மாசிலாமணி தோணிரேவு கிராமத்திலிருந்து பஸ்ஸில் கூட்டி வருவான். முட்டிக்கு இருபது நிமிஷம் கரண்ட் மெஷின். பிறகு காலைத் தூக்கி இறக்கும் பயிற்சி.

ஆரம்பத்தில் குப்பம்மாள் கெஞ்சினாள்.

"கரண்ட் வெச்சா எதமா இருக்குது சார். அதுவே போதும். காலைத் தூக்குனா உசுரு போவுது."

"கரண்ட் வலியை மட்டுப்படுத்தும். உங்களை நடக்க வைக்கிறது பயிற்சிதாம்மா."

"கேட்டியா? இன்னும் பத்து தூக்கு!" என்று அதட்டினான் மாசிலாமணி. அன்றிலிருந்து வரும்போதெல்லாம் அதே அதட்டல்தான்.

இன்றைக்கு, சிகிச்சைக்கு வரிசையில் காத்திருந்த பரக்கத் பீவிக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா மனுசன்யா நீ? பொஞ்சாதிய மறுபடி தண்ணில எறக்கி சம்பாதிக்கணுமா?"



தனசேகர் மாசிலாமணியை வராந்தாவுக்குக் கூட்டிப் போனான்.

"அந்தம்மாவை ஏன் பெரியவரே இந்த விரட்டு விரட்டுறீங்க?"

மாசிலாமணி மடியிலிருந்து கசங்கிய சீட்டு ஒன்றை எடுத்து நீட்டினான். மெட்ராஸ் பெரியாஸ்பத்திரி சீட்டு. நுரையீரலில் கட்டி.

"அறுக்க முடியாதாம். பொங்கல் தாண்டறதே கஷ்டம்னுட்டாங்க. எங்களுக்குப் புள்ளகுட்டி இல்ல சார். அப்பால அவளை யாரு தூக்கி வுடுவாங்க? அவளாண்ட சொல்லிடாத."

 தனசேகர் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே வந்தான்.

யாரும் சொல்லாமலே குப்பம்மாள் காலைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தாள். கண்ணோரம் ஈரம்.

"வலிக்குதுன்னா இன்னிக்கு விட்டுடுங்கம்மா."

"இல்ல சார். நான் தனியா நடக்கறதை அந்த மனுசன் கண்ணால பாத்துடணும்."

வராந்தாப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அவரு மடியில இருக்கற சீட்டை எங்கூர் டீச்சரம்மாவாண்ட குடுத்து எப்பவோ படிக்கச் சொல்லிக் கேட்டுட்டேன். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, அதட்டக்கூட தெம்பில்லாம உடைஞ்சிடுவாரு சார்."