மஞ்சள் இல்லாமல் விழுந்த சிவப்பு

“மேல்முறையீடு செஞ்சா நாமதான் ஜெயிப்போம். மஞ்சளே காட்டாம சிவப்பு போட்டது சிக்னலோட தப்புதானே?” என்றாள் பிலோமி.

சிவப்பைத் தாண்டியதற்குத் தண்டனையாக, அவள் கணவன் அந்தோணிராஜின் மீன் வண்டி ஒரு மாதத்துக்குக் கிளம்பாது.

“ஜெயிச்சா, அந்த சிக்னல் ஆளுங்களைப் பார்த்துப் பார்த்துத் தானா கத்துக்கிட்டதை எல்லாம் அழிச்சிருவாங்களே,” என்றான் அவன்.

“அழிக்கட்டுமே! அது என்ன உங்க மச்சானா?”

அவன் தண்டனையோடு வந்த படத்தைக் காட்டினான். அவர்கள் மகள் அமலி, தன் முறை வருமுன்பே ஊன்றுகோலோடு சாலையில் இறங்கியிருந்தாள். அவளுக்காகத்தான் சிவப்பு விழுந்திருந்தது. அவன் வண்டி நிறுத்த முடியாமல் அவளுக்கு முன்பே கடந்துவிட்டிருந்தது. பின்னால் வந்த லாரி, அவளுக்கு ஒரு முழம் தள்ளி நின்றிருந்தது.

பிலோமி வெகுநேரம் படத்தையே பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஒரு மாசம் சைக்கிள்ல மீன் கூடையைக் கட்டிக்கலாங்க,” என்றாள்.

மறுநாள் காலை அந்தோணிராஜ் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு, சிக்னல் கம்பத்தைத் தொட்டான்.

“ரொம்ப நன்றிப்பா. தினமும் அவ மெதுவா நடந்து முடிக்கிற வரைக்கும் காத்திருக்கியே, அதுக்கும் சேர்த்துதான்.”

விளக்கு சிவப்பிலேயே இருந்தது.

“ஜூன்லேர்ந்து அவ பெரிய ஸ்கூலுக்குப் போறா. பஸ் ஸ்டாண்டு சிக்னல்கிட்ட அவ நடையைப் பத்திக் கொஞ்சம் சொல்லி வைக்கிறியாப்பா?”