ஏழாவது பிரதிக்குப் பிறகு

ஐந்தாவது பிரதியும் பழுது.

அஹ்னாப் கசெட்டை நிறுத்தவில்லை. நாடாவில் அங்கங்கே பூஞ்சணம் பிடித்திருந்தது.

"இன்னும் ரெண்டு ஈக்குது ராத்தா. ஒரே வெளாட்ட ஏழு தரம் பதிஞ்சி வெச்சீங்களே, அந்தப் பயந்தாங்கொள்ளித்தனம்தான் இப்ப காப்பாத்துது."

அக்கா மஸாஹிரா சிரிக்கவில்லை.

அந்தக் காலத்தில் வீட்டுக் கணினி விளையாட்டுகளைப் பாட்டுக் கசெட்டில்தான் இரைச்சலாகப் பதிந்து வைப்பார்கள். அவற்றை மீட்டு, கணினியில் செருகும் கார்ட்ரிஜில் ஏற்றித் தருவது தம்பியின் தொழில். வெளிநாட்டில் ஒரு சிறிய நிறுவனம் வாங்குகிறது. ஆகக் குறைந்த மாற்றம், அதுதான் அவர்களுடைய நிபந்தனை. இம்முறை அவர்கள் கேட்டது, மஸாஹிரா பதினாறு வயதில் எழுதிய விளையாட்டை.

ஓடத்தில் ஆற்றைக் கடக்க வேண்டும். இரண்டு துடுப்புகள், இரண்டு பேர். இரண்டாவது ஆள் விசையை அழுத்தும்வரை ஓடம் கரையை விட்டு நகராது.

"இப்ப எல்லாரும் தனியாத்தான் வெளாடுறாங்க. அத மட்டும் மாத்திடுறேன்."

"மாத்து," என்றாள்.

ஆறாவது பிரதி கீச்சிட்டு ஓடியது. அதுவும் பழுது.

ஏழாவதற்குப் பிறகு நாடாவில் என்ன இருக்கிறது என்று முப்பத்தெட்டு வருடமாக அவள் கேட்டதில்லை.

அது குவைத்திலிருந்து வாப்பா பேசி அனுப்பிய கசெட். கணினியும் அவர் விடுமுறையில் கொண்டு வந்ததுதான். கசெட் வந்தால் உம்மா ஒரு பக்கத்தை மட்டும் போடுவார். மறுபக்கம் அடுத்த வெள்ளிக்கு. அப்படியாவது வாப்பா இரண்டு கிழமை வீட்டில் இருப்பார். கேட்டு முடித்ததும் அதன் மேலேயே பதிலைப் பதிந்து திருப்பி அனுப்புவார்கள்.

அந்த முறை வாப்பா முதல் பக்கத்திலேயே ஸலாம் சொல்லி முடித்திருந்தார். மறுபக்கம் வெறுமை என்று நினைத்தாள். தன் விளையாட்டை அதில் ஏழு தரம் பதிந்தாள்.

வெள்ளிக்கிழமை உம்மா கசெட்டைத் தேடினார். பயத்தில் அதை ஒளித்து வைத்துவிட்டு, தெரியாது என்றாள்.

மூன்று மாதத்தில் வாப்பா மவுத்தானார். அங்கேயே அடக்கினார்கள். வீட்டில் வேறு கசெட் இருக்கவில்லை. உம்மா கடைசிக் காலம்வரை அலுமாரியைக் கிண்டிக்கொண்டே இருந்தார்.

மறுபக்கம் வெறுமையாகத்தான் இருந்திருக்கும். கேட்காதவரை அப்படி நம்பலாம்.

ஏழாவது பிரதி சுத்தமாக இறங்கியது.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றான் அஹ்னாப்.

அவள் கை நிறுத்தும் பொத்தானுக்குப் போனது. அவன் தடுத்தான்.

"ஓடட்டுமே ராத்தா. உங்கள நம்ப ஏலாது, எட்டாவதும் ஈக்கும்."

இரைச்சல் நின்றது. பிறகு ஓர் ஆணின் குரல், பாதி வசனத்திலிருந்து.

"...கேட்டு முடிஞ்சா இந்தக் கசெட்ட திருப்பி அனுப்ப வாணாம். மகளுக்குக் குடுங்க. அந்த ஓடத்து வெளாட்ட இதுல பதியட்டும். நோம்புக்கு வந்து மத்தத் துடுப்ப நான் புடிக்கிறேன்."

நாடா முடிந்து பொத்தான் தானாக மேலெழுந்தது.

வாப்பா கடைசியாக விமானம் ஏறியபோது அஹ்னாபுக்கு ஒரு வயது.

"யாரு ராத்தா அது?"

மஸாஹிரா திரையைப் பார்த்தாள். ஓடம் கரையில் நின்றிருந்தது.

"ரெண்டாவது ஆள்," என்றாள். "அத மாத்த வாணாம்."