வளைவுக்கு ஒரு கதை

"அடுத்த வளைவுலயும் கதை ஆரம்பிச்சீங்கன்னா, நான் பாட்டுக்கு மேலே போயிடுவேன், ஆமா!"

பேங்க் மேனேஜர் எரிந்து விழுந்தார். முன்னூறு படி ஏறினால் கோட்டை. உச்சியில் நின்றால் நகரம் முழுக்கத் தெரியுமாம். இந்தக் கைடு ஏற விட்டால்தானே?

வழிகாட்ட வேண்டிய மனுஷர், முன்னால் போகாமல் மேனேஜரின் மனைவிக்கும் பின்னால் ஆமை மாதிரி வந்தார். வளைவுக்கு வளைவு நின்று, "சார், இந்தக் கல்லைக் கொஞ்சம் பாருங்க..." என்று ஆரம்பித்துவிடுவார். ராஜா பல்வலியில் துடித்த கதை. பீரங்கிக்குள் குருவி கூடு கட்டின கதை. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

"நீயாவது சொல்லக் கூடாதா? ஜம்முனு உக்காந்து கதை கேக்குறியே!" என்று மனைவி மேல் பாய்ந்தார்.

அவள் சிரித்து மழுப்பினாள். ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம்தான் ஆகிறது. "முடியலேன்னா சொல்லிடு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று கிளம்பும்போதே சொல்லியிருந்தார். எட்டு வருஷமாக அதே அடுத்த வருஷம்தான்.

ஒருவழியாக உச்சி வந்தது. அவள் மதிலைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி கத்தினாள். "என்னங்க, நம்ம மாடித் தண்ணித் தொட்டி தெரியுது!"

இவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

இறங்கியதும் நேரே டிக்கெட் ஆபீஸ். "புகார் புத்தகம் எங்கே?"

கிளார்க் தயங்கினார். "சார், லேட் பண்றார்னு இவர் மேல ஏற்கெனவே ரெண்டு புகார் இருக்கு. மூணாவது வந்தா வேலையை விட்டே தூக்கிடுவாங்க."

"தூக்கட்டும்! அப்பதான் புத்தி வரும்."

விறுவிறுவென்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். கைடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும் எழுதறேங்க." மனைவி பேனாவை வாங்கினாள்.

"அப்படிப் போடு! நல்லா உறைக்கிற மாதிரி எழுது."

எழுதிவிட்டு அவள் வெளியே போய்க் கைடின் பக்கத்தில் நின்றுகொண்டாள். மேனேஜர் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பிப் படித்தார். காது மடல் சுட்டது. எதிரே இருந்த கிளார்க்கை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வெட்கத்தில் கூனிக் குறுகிப் போனார்.

அவர் கையெழுத்துக்குக் கீழே அவள் எழுதியிருந்தாள்:

"எனக்கு மூச்சு வாங்குகிறது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும், நான் திணறிய ஒவ்வொரு வளைவிலும் இவருக்கு ஒரு கதை ஞாபகம் வந்துவிட்டது."