பதினான்கு குச்சிகள்

பரிசோதனை அறையின் ஜன்னல் வெயில் புகழேந்தியின் மடியில் இருக்கும் ஐஸ் குச்சிக் கட்டின் மேல் விழுந்திருக்கிறது. கன்னப் புற்றுக்குக் கதிர்வீச்சு முடிந்து இரண்டு வருடம். வாய் இறுகிவிடாமலிருக்க, தினமும் காலையில் பற்களுக்கிடையே குச்சிகளை அடுக்கி, எத்தனை நுழைகிறது என்று மனைவி அமிர்தவள்ளி எண்ணிச் சொல்கிறாள். ஒன்று குறைந்தாலும் உடனே வரச் சொல்லியிருந்தார்கள். "கொறையல சிஸ்டர், அதே பதினாலு," என்கிறான். சொற்கள் பல்லிடுக்கில் நசுங்கி வருகின்றன, முகம் மலர்ந்திருக்கிறது. நர்ஸ் தட்டிலிருந்து புதுக் குச்சிகளை எடுக்கிறாள். "எங்க குச்சிய வச்சே பாருங்களேன்," என்று அமிர்தவள்ளி அவசரமாகக் குறுக்கே வருகிறாள். "அது வீட்டுக்குக்கா," என்று நர்ஸ் புதுசை அவன் வாயில் அடுக்குகிறாள். ஏழு, எட்டு, ஒன்பது. பத்தாவது குச்சி பல்லில் முட்டி நிற்கிறது. அவன் கண்களில் நீர் கோத்துக்கொள்கிறது. நர்ஸ் பழைய கட்டிலிருந்து ஒன்றை உருவி வெயிலில் பிடிக்கிறாள். மெலிந்த மரத்தில் கத்தி சீவிய தடம் வரிவரியாகத் தெரிகிறது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் பதினோரு வருடமாகத் தோலின் ஓரங்களைச் சீவி மெலிதாக்குகிறவள் அமிர்தவள்ளி. "எப்பலேர்ந்துக்கா?" "மூணு மாசமா. போன தடவ இங்க வந்துட்டுப் போன மறுவாரமே கம்மியாச்சு. அன்னிக்கு முழுக்க அவரு சாப்பிடவே இல்ல சிஸ்டர். அன்னிக்கு ராத்திரியே சீவிட்டேன்." நர்ஸ் டாக்டரைக் கூப்பிட வேகமாக வெளியே போகிறாள். ஒன்பது குச்சிகளையும் வாயிலிருந்து எடுக்காமலேயே புகழேந்தி மனைவியைப் பார்க்கிறான். எடுத்தால் ஏதாவது பேச வேண்டியிருக்கும்.