பழசும் இருக்கட்டும்

கொரியாவின் டோங்யோங் துறைமுகத்தில் சிப்பி உடைக்கும் போக்சுன், லேப்டாப்பைக் கம்ப்யூட்டர் கடையில் வைத்தாள். இணையத்தில் சிப்பி ஆர்டர் எடுக்கப் புது விண்டோஸ் வேண்டும்.

“பழசை அழிச்சிடுறேன் சித்தி. ரெண்டும் இருந்தா மெஷின் திணறும்,” என்றான் கடைக்காரன் கியூசிக்.

“பழசு என் மகனோடது. ரெண்டும் இருக்கட்டும்.”

“பழசையே கட்டிக்கிட்டு அழாதீங்க. அவனையும் மாறச் சொல்லுங்க.”

“சொன்னாக் கேக்க மாட்டான்.”

லேப்டாப்பைத் திறந்தான். பாஸ்வேர்டு கேட்டது.

“தெரியாதுப்பா. தினம் ஒண்ணு அடிச்சுப் பாக்குறேன். ‘தப்பு’ன்னே வருது.”

“அவனையே கேக்கலாமே!”

“அவன் போன படகு திரும்பல. மூணு வருஷமாச்சு.”

கியூசிக்கின் குரல் இறங்கியது. “அஞ்சே நிமிஷத்துல பூட்டை உடைச்சுத் தரேன் சித்தி.”

போக்சுன் லேப்டாப்பை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

“வேண்டாம். இருந்தப்பவும் நான் எது சொன்னாலும் ‘தப்பு’ம்பான். இப்பவும் தினம் அதையேதான் சொல்றான். திறந்துட்டா பேச்சு நின்னுடும்ப்பா.”