பாதிக் கிண்ணம்

"பேரைச் சொல்லுப்பா. ஒரே ஒரு பேரு. வேலை தப்பிச்சுடும்" என்றார் பஸ் டிப்போ மேனேஜர்.

டிரைவர் தலை குனிந்து நின்றார். பதினெட்டு வருஷத்தில் ஒரு சைக்கிளைக்கூட உரசாதவர். டிப்போவில் அவருக்குப் பட்டப்பெயரே 'நிதானம்'தான். அப்பேர்ப்பட்டவரின் சிறுநீரில் போதைப்பொருள் இருப்பதாக ரிப்போர்ட் வந்திருந்தது.

நிதானம் எதையும் மறுக்கவில்லை. அவர் போகும் வழிபாட்டுக் கூடத்தில் மாதம் ஒருமுறை ஒரு வேர்க் கஷாயம் தருவார்கள். குடித்தால் மனசில் அடைத்துக் கிடப்பதெல்லாம் அழுகையாக வெளியே வந்துவிடுமாம். வழிபாட்டுக்காகக் குடிக்கலாம் என்று கோர்ட்டே சொல்லிவிட்டது. குடித்தபின் மூன்று நாள் வண்டி எடுக்கக் கூடாது. அந்த லீவையும் அவர் ஒழுங்காகவே எடுத்திருந்தார்.

பாக்கி இருந்தது ஒரு ஃபாரம். அந்தக் கூடத்தில் ஒரு கிண்ணத்தை இரண்டு பேர் பாதிப் பாதியாகக் குடிக்க வேண்டும். தனியாகக் குடித்தால் அது வழிபாட்டில் சேராது. அதனால் மீதிப் பாதியைக் குடித்தவரும் பெயரெழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்தக் கட்டம் காலியாக இருந்தது.

"அதை மட்டும் கேக்காதீங்க சார். வாக்குக் குடுத்திருக்கேன்."

மேனேஜருக்கு அந்தக் கூட்டம் என்றாலே ஆகாது. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால்கூட அவர்களை நாலு வார்த்தை திட்டாமல் எழுந்திருக்க மாட்டார். "தனியா உக்காந்து ஊத்திக்கிட்டு, சாமி கும்பிட்டேன்னு கதை விடறியா?" என்றபடி வேலைநீக்க உத்தரவை நீட்டினார். நகல் தலைமை அலுவலகத்துக்கு அப்போதே போய்விட்டது. இனி அவரே நினைத்தாலும் மாற்ற முடியாது.

நிதானம் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பி, "வீட்ல அம்மா நல்லா இருக்காங்களா சார்?" என்று கேட்டார்.

வேலை போகிற நேரத்தில் குசலம் விசாரிக்கிறானே என்று மேனேஜருக்கு எரிச்சலாக வந்தது.

சாயங்காலம் வீட்டில் மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். ஹால் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. விபத்தில் போய்விட்ட மகளின் படத்தை, பார்த்துப் பார்த்து அழ வேண்டாம் என்று அவர்தான் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார். இரண்டு வருஷமாக மனைவி அவர் எதிரில் ஒருதடவைகூட அழவில்லை. தேறிவிட்டாள் என்று அவருக்கு நிம்மதி.

டீயைக் குடித்தபடி நிதானத்தின் கதையைச் சொல்லி முடித்தார். கடைசிவரை வாயைத் திறக்கவில்லை என்பதை இரண்டுதரம் சொல்லிச் சிரித்தார்.

"அந்த ஃபாரம் கையில இருக்கா?" என்று கேட்டாள் மனைவி.

"பையில இருக்கு. எதுக்கு?"

அவளே போய் எடுத்துவந்தாள். பேனா மூடியைக் கழற்றினாள்.

"பொண்ணை நெனச்சு அழறதுக்கு எனக்கு வேற எடம் இல்லைங்க. உங்களுக்குத் தெரிய வேண்டாம்னு நான்தான் அவர்கிட்ட வாக்கு வாங்கினேன்" என்றவள், காலியாக இருந்த கட்டத்தில் தன் பெயரை எழுதினாள்.