நாணில் ஒரு கண்

"அந்த ஓட்டைக்குள்ளேருந்து டுவேன் என்னையே பார்க்கிறான், ஓரின். அதை எடுத்துடுங்க" என்றாள் மார்லிஸ்.

வில் கடைக்காரர் ஓரின் வில்லைத் திருப்பிப் பார்த்தார். நாணின் நடுவே சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கறுப்பு வளையம். நாணை இழுத்தால் அது கண்ணுக்கு நேரே வந்து நிற்கும். அதன் வழியாகத்தான் குறி பார்ப்பார்கள். பீப் என்று அதற்குப் பெயர்; அவரவர் முகத்தின் அளவுக்கு ஏற்ப அதைப் பொருத்துவார்கள்.

வில்லில் ஷெரிஃப் ஆபீசில் தடயம் என்று கட்டிய மஞ்சள் சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. போன சீசனில் மார்லிஸின் கணவன் டுவேன் மான் வேட்டைக்குப் போய், மரத்துப் பரணிலிருந்து விழுந்து செத்தான். விழுந்த வேகத்தில் அவன் அம்பே அவன் நெஞ்சில் ஏறிவிட்டது என்று எழுதி முடித்தார்கள். பக்கத்தில் கிடந்த இந்த வில் இப்போதுதான் வீட்டுக்கு வந்தது.

"எடுத்துடலாம். யாரு வேட்டைக்குக் கொண்டு போறது?"

"டுவேனோட தம்பி ஹார்லன்தான். நாளைக்கு சீசன் தொறக்குதில்ல? அண்ணன் வில்லோடதான் போவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான்."

"அவங்க ரெட்டைப் பிள்ளைங்களாச்சே. டுவேன் முகத்துக்கு வச்ச பீப் அவனுக்கும் அப்படியே பொருந்துமே?"

"வேணாம். அதைப் பார்த்ததுலேருந்து எனக்குத் தூக்கமே போச்சு." அது பொய்யில்லை. கண்ணுக்குக் கீழே கரி பூசியதுபோல் இருந்தது. பார்க்கவே பாவமாக இருந்தது.

ஓரின் வில்லை நாண் கழற்றும் இயந்திரத்தில் மாட்டினார். "கல்யாணத்தப்போ என்கிட்டதானே ஜோடியா ரெண்டு வாங்கினீங்க? அச்சு அசலா ஒண்ணு போல இருக்குமே. உங்களோடது என்னாச்சு?"

"அதை வித்து வருஷக்கணக்காச்சு. எனக்கு எங்க இதுக்கெல்லாம் நேரம்?"

வாசல் மணி கிணுகிணுத்தது. மார்லிஸ் திரும்பினாள். டுவேன் நின்றுகொண்டிருந்தான். அதே செம்பட்டைத் தாடி, அதே கட்டம் போட்ட சட்டை.

"என்ன மார்லிஸ், பேயைப் பார்த்த மாதிரி முழிக்கிற? நான்தான், ஹார்லன்."

அவள் சிரிக்க முயன்றாள். வரவில்லை.

ஹார்லன் இயந்திரத்தைப் பார்த்துப் பதறிப்போனான். "யோவ் ஓரின், பீப்பைத் தொடாதய்யா! அதுக்காகத்தான் இந்த வில்லையே கேட்டேன். எங்கண்ணன் பார்த்த ஓட்டை வழியா ஒரு தடவையாவது நானும் பார்க்கணும்." ஆறடி ஆள், கண்ணைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டான்.

"ஹார்லன், சொன்னா கேளு, வேணாம்" என்றாள் மார்லிஸ்.

ஓரினுக்கு மனசு இளகிவிட்டது. வில்லைக் கழற்றி, ஒரு அம்பைக் கோத்து அவன் கையில் கொடுத்து, மூலையில் இருந்த பஞ்சுப் பலகையைக் காட்டினார். "வழக்கம்போலதான். கண்ணை மூடிக்கிட்டு இழு. கை தாடையில உட்கார்ந்ததும் கண்ணைத் தொற."

ஹார்லன் கண்ணை மூடி இழுத்தான். "என்ன இது, இவ்வளவு லேசாவா வச்சிருந்தான்?"

"தோள் வலின்னு சொல்லிக்கிட்டிருந்தானே" என்றாள் மார்லிஸ்.

ஹார்லன் கண்ணைத் திறந்தான். வளையம் கண்ணுக்கு நேரே இல்லை. கீழே, கன்னத்துக்கு எதிரே நின்றது.

நாணை மெல்லத் தளர்த்திவிட்டு மறுபடி இழுத்தான். மறுபடியும் கன்னம்தான்.

"ஒரு வருஷமா சும்மா கிடந்த நாணு. தளர்ந்திருக்கும்" என்றார் ஓரின்.

"இல்ல ஓரின். அவன் வில்லை எத்தனை தடவை இரவல் வாங்கியிருக்கேன். ஒரு நூல்கூட மாறாது. இது ஏதோ சின்ன முகத்துக்கு வச்ச பீப்."

சொல்லிவிட்டு நாணை மெல்லத் தளர்த்தி வில்லைத் தாழ்த்தினான். மஞ்சள் சீட்டைப் பார்த்தான். பிறகு மார்லிஸின் முகத்தை வெகு நேரம் பார்த்தான். அவள் பின்னாலேயே நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டாள்.

செத்தவனின் அதே முகம், அதே குரல், அவளிடம் கேட்டது:

"டுவேனோட வில்லு எங்க, மார்லிஸ்?"